ஸ்கி ஜம்பிங் மதிப்பெண் பலகையைப் படிப்பது எப்படி?

நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓட்டம், பனிச்சரிவில் சறுக்கி வந்து தாவிப் பறக்கும் ஸ்கி ஜம்பிங், இவ்விரண்டையும் இணைத்த நார்டிக் கம்பைன்டு ஆகிய மூன்றும் 1924இல் ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்தே இடம்பெற்று வருகின்றன. ஓட்டத்தைப் புரிந்துகொள்ளக் கடிகாரம் ஒன்றே போதும். ஸ்கி ஜம்பிங்கிலோ, எல்லோரையும்விட அதிகத் தூரம் பறந்தவர் பதக்கமின்றித் திரும்புவதும் உண்டு. ஆகவே தொலைக்காட்சித் திரையில் தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு முடிவு புதிராகவே இருக்கும்.

போட்டி தொடங்கும் முன், வீரர்கள் தாவும் மேட்டின் கே புள்ளி (தூர மதிப்பெண்ணைக் கணக்கிட அடிப்படையாகும் தூரம்), மேட்டளவு (பாதுகாப்பாகத் தரையிறங்கும் எல்லையைக் குறிக்கும் தூரம்) ஆகிய இரு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சிறிய மேட்டுக்கு இவை 95, 106 மீட்டர். பெரிய மேட்டுக்கு 125, 140 மீட்டர். கே புள்ளியில் சரியாகத் தரையிறங்குபவருக்கு 60 மதிப்பெண் கிடைக்கும். அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் சிறிய மேட்டில் 2, பெரிய மேட்டில் 1.8 மதிப்பெண் கூடும். எட்டாவிட்டால் அதே கணக்கில் குறையும். சிறிய மேட்டில் ஒருவர் 101.5 மீட்டர் பறந்தால், கே புள்ளியைக் கடந்த 6.5 மீட்டருக்கு 13 சேர்த்து 73 பெறுவார்.

அடுத்து, ஐந்து நடுவர்கள் பறக்கும் நேர்த்தியையும் தரையிறங்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொருவரும் 20 வரை வழங்குவார்கள். அவற்றில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு எஞ்சிய மூன்றைக் கூட்டுங்கள்: 17.5, 18, 18, 18.5, 19 எனில் விடை 54.5. ஒரு காலை முன்வைத்து, முழங்கால்களை மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் விரித்து இறங்கும் டெலிமார்க் முறையைக் கவனியுங்கள். அது இல்லையென்றால் மதிப்பெண் உடனே சரியும். 1998 நாகானோ ஒலிம்பிக்கின் பெரிய மேட்டில் ஜப்பானின் கசுயோஷி ஃபுனாகி ஒரு தாவலுக்கு ஐவரிடமும் முழு 20 பெற்றார். ஆயினும் நேர்த்தியே எல்லாம் என்று எண்ணிவிட வேண்டாம். சறுக்குப் பலகைகளை வி வடிவில் விரித்துப் பறந்த ஸ்வீடன் வீரர் யான் போக்லவ், அதற்காக நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தபோதும், தூரத்தின் பலத்தால் 1988-89 உலகக் கோப்பையையே வென்றார். இன்று எல்லோரும் அப்படித்தான் பறக்கிறார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது காற்றையும், வீரர் புறப்படும் இருக்கை இருக்கும் தொடக்க வாயிலையும்தான். எதிர்க்காற்று வீரரைத் தூக்கிப் பிடித்துத் தூரத்தைக் கூட்டும் என்பதால் மதிப்பெண் கழிக்கப்படும். பின்காற்று அவரைக் கீழே அழுத்தும் என்பதால் ஈடு சேர்க்கப்படும். இந்த வாயிலைக் கீழே இறக்கினால் சறுக்கும் வேகம் குறையும், அதற்கும் ஈடு உண்டு. இந்த முறை வருவதற்கு முன், யாரேனும் ஆபத்தான தூரத்துக்குப் பறந்துவிட்டால் வாயிலை இறக்கி அந்தச் சுற்றையே முதலிலிருந்து நடத்த வேண்டியிருந்தது. தம் வீரருக்காக வாயிலை இறக்குமாறு பயிற்சியாளரும் கேட்கலாம். ஆனால் மேட்டளவில் 95 சதவீதத்தை, அதாவது 140 மீட்டர் மேட்டில் 133 மீட்டரை, எட்டினால்தான் அந்த ஈடு கைக்கு வரும். என்னைக் கேட்டால், போட்டியின் மிகச் சுவையான சூதாட்டம் இதுவே.

சரிவில் தெரியும் பச்சைக் கோடு, முன்னிலை பெறத் தேவையான தூரத்தைக் காட்டுவது. அதைத் தாண்டியவரும் தரையிறங்கும்போது தடுமாறினால் பின்தங்குவார் என்பதால், கோட்டைப் பார்த்துக் கைதட்ட அவசரப்பட வேண்டாம். தனிநபர் போட்டிகளில் வழக்கமாக முதல் சுற்றின் முதல் 30 பேர் இரண்டாம் சுற்றில் தலைகீழ் வரிசையில் தாவுவார்கள். இரு சுற்றுகளின் கூட்டுத்தொகையே முடிவு.

அதன் பிறகும் உடைச் சோதனை இருக்கிறது. உடை தளர்வாக இருந்தால் காற்றைப் பிடித்துக் கூடுதலாகப் பறக்க உதவும் என்பதால் அளவு மிகக் கண்டிப்பானது. 2022 பெய்ஜிங் கலப்புக் குழுப் போட்டியில் ஜப்பான், ஆஸ்திரியா, ஜெர்மனி, நார்வே ஆகிய நான்கு அணிகளைச் சேர்ந்த ஐந்து வீராங்கனைகள் உடை காரணமாகத் தகுதி நீக்கப்பட்டனர். தங்கம் ஸ்லோவேனியாவுக்குப் போனது. பெயருக்கு எதிரே தகுதி நீக்கக் குறி வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்ட பின்னரே வெற்றியாளர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.