ஸ்நேர் புரதம் கால்வாயைக் கொண்டுவருகிறதா, திறந்துவிடுகிறதா? பிரித்தறியும் சோதனைகள்

செல் சவ்வுக்கு நுண்பைகளைக் கொண்டுசேர்க்கும் ஸ்நேர் புரதம் ஒன்றை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் முடக்கினால், சவ்வில் உள்ள கால்வாய்ப் புரதங்கள் வழியே பாயும் பொட்டாசியம் மின்னோட்டம் குறைகிறது. உடனே “கால்வாய்கள் சவ்வுக்கு வந்துசேரவில்லை” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கால்வாய்களின் எண்ணிக்கை குறைந்தாலும் மின்னோட்டம் குறையும். எண்ணிக்கை அப்படியே இருக்க, அவை திறக்கும் போக்கு மாறினாலும் குறையும். எஸ்ஒய்பி121 என்ற ஸ்நேரில் இந்த இரண்டாவது வழியும் உண்டு என்பது 2009இல் வெளிவந்தது. அது கேசி1 என்ற கால்வாய்த் துணையலகோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு, வேரில் பொட்டாசியத்தை உள்ளே விடும் ஏகேடி1 கால்வாயைத் திறக்கத் தூண்டுகிறது. கேசி1 இல்லையென்றால் தூண்டல் இல்லை. இந்த மூன்று புரதங்களை வைத்தே முறையைச் சொல்கிறோம்.

தொடங்கவேண்டியது நாற்றுச் சோதனையில். கொலம்பியா-0 என்ற இயல்பான வகை, மூன்று மரபணுக்களுக்கும் தனித்தனி மியூட்டன்ட் (அந்த மரபணு முடங்கிய செடி), இவற்றோடு எஸ்ஒய்பி122 மியூட்டன்ட். எஸ்ஒய்பி122 மிக நெருங்கிய உறவுப் புரதம், ஆனால் கேசி1ஐப் பிடிப்பதில்லை. அதனால்தான் அது நல்ல கன்ட்ரோல். விதைகளை 4 டிகிரியில் 2 முதல் 3 நாள் வைத்து, 0.1 மற்றும் 10 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு உள்ள தட்டுகளில் ஊன்றி, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். இரண்டிலும் 2 மில்லிமோலார் அம்மோனியம் இருக்கவேண்டும். அம்மோனியம், குறைந்த பொட்டாசியத்தையும் இழுத்துக்கொள்ளும் ஹாக்5 கடத்தியை அடக்குகிறது. அதை விட்டுவிட்டால் நாற்று அந்த வழியில் பிழைத்துக்கொள்ளும். மியூட்டன்ட்டுக்கும் இயல்பான செடிக்கும் வித்தியாசம் மங்கிப்போகும்.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் மறைந்திருக்கும் பொட்டாசியத்தால். செடி வளர்க்க வழக்கமாகப் பயன்படும் அரை வலிமை முராஷிகி-ஸ்கூக் ஊடகத்திலேயே சுமார் 10 மில்லிமோலார் பொட்டாசியம் இருக்கிறது. அதனால் ஊடகத்தை உப்பு உப்பாக நீங்களே கலக்கவேண்டும். சாதாரண அகாரும் பொட்டாசியம் சுமக்கும். அகரோஸ் வாங்குங்கள், அல்லது அகாரை அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். பலரும் கவனிக்காதது பிஎச் சரிசெய்யும் படி. 10 மில்லிமோலார் மெஸ் பஃபரை 5.7க்குக் கொண்டுவர ஏறக்குறைய 3 மில்லிமோலார் காரம் செலவாகும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக ஊற்றினால் 0.1 தட்டு 3.1 தட்டாகிவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடோ ட்ரிஸ்ஸோ போதும். 10 மில்லிமோலார் தட்டிலும் மியூட்டன்ட் குன்றினால் குறை பொட்டாசியத்தில் இல்லை. விதைத்தரத்தையும் விதைகள் அறுவடையான காலத்தையும் பாருங்கள்.

எஸ்ஒய்பி121 கேசி1ஓடு ஒட்டுகிறதா என்பதை ஈஸ்ட்டில் பிளவு-யூபிகுவிட்டின் முறையில் பார்க்கலாம். யூபிகுவிட்டின் புரதத்தை நப்-ஜி, கப் என இரு துண்டாக்கி, சோதிக்கும் புரதங்களில் ஒன்றொன்றாகக் கோக்கவேண்டும். புரதங்கள் ஒட்டினால் துண்டுகள் சேரும், நொதி ஒன்று அங்கே வெட்டும், காலனி வளரும். இங்கே எந்த முனையில் இணைக்கிறோம் என்பதே எல்லாம். எஸ்ஒய்பி121இன் வால்முனை சவ்வைத் துளைத்து வெளிப்புறம் நிற்கும்; அங்கே இணைத்த துண்டு சைட்டோபிளாசத்தில் இருக்கும் நொதிக்கு எட்டாது. ஆகவே நப்-ஜி துண்டை ஸ்நேரின் தலைமுனையிலும், கப் துண்டை கேசி1இன் வால்முனையிலும் வையுங்கள். மெத்தியோனின் அளவைப் படிப்படியாகக் கூட்டி கேசி1 உற்பத்தியை இறக்குங்கள். அப்போதும் காலனி வளர்ந்தால்தான் அந்தப் பிணைப்பை நம்பலாம்.

திறப்பை அளக்க ஜெனோபஸ் தவளையின் முட்டைச் செல்லும் சவ்வின் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி மின்னோட்டத்தை அளக்கும் இரு மின்முனை வோல்டேஜ் கிளாம்ப்பும் வேண்டும். ஏகேடி1 அங்கே தனியாக வேலை செய்யாது. அதை இயக்கிவிடும் சிபிஎல்1, சிஐபிகே23 புரதங்கள் இரண்டின் ஆர்என்ஏவையும் சேர்த்துச் செலுத்தவேண்டும். எஸ்ஒய்பி121 உள்ள செல்லுக்கும் இல்லாத செல்லுக்கும் ஏகேடி1, கேசி1 விகிதம் மாறவே கூடாது. கேசி1 குறைந்தால் ஏகேடி1 மட்டுமே சேர்ந்த நான்கலகுக் கால்வாய்களும் கலந்துவிடும், மின்னழுத்தத்தோடு கடத்துதிறன் மாறுவதைக் காட்டும் வளைவில் இரண்டு படிகள் தெரியும். கேசி1 சேர்ந்த கால்வாய் திறக்க இன்னும் ஆழமான எதிர்மின்னழுத்தம் கேட்கும். அதற்காக -160 மில்லிவோல்ட்டைத் தாண்டும்போது முட்டைச் செல்லின் சொந்தக் குளோரைடு மின்னோட்டம் கிளம்பலாம், ஆகவே நீர் மட்டும் செலுத்திய செல்களை அதே நாளில் அளந்து ஒப்பிடுங்கள்.

வளைவைப் போல்ட்ஸ்மான் சமன்பாட்டில் பொருத்துங்கள். பாதி திறக்கும் மின்னழுத்தம் நகர்ந்தால் அது திறப்பில் வந்த மாற்றம். எண்ணிக்கை மாற்றத்தால் அது நகராது. உச்சக் கடத்துதிறன் மட்டும் கூடினால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. அப்போது ஒளிர்புரதம் கோத்த கால்வாயைக் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் வைத்து, சவ்வில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தே ஆகவேண்டும்.

செடிக்குள் கால்வாய்ப் பிணைப்பையும் நுண்பைக் கடத்தலையும் பிரிக்க ஒற்றை அமினோ அமில மாற்றம் உதவும். எஸ்ஒய்பி121இன் 9ஆம் இடத்து ஃபீனைல்அலனின் கேசி1ஐப் பிடிக்க அவசியம். அதை அலனினாக்கிய வடிவத்தை மியூட்டன்ட்டுக்குள் ஏற்றி, மாற்றாத வடிவத்தையும் பக்கத்திலேயே வைத்து, 0.1 மில்லிமோலார் தட்டில் வளருங்கள். மாற்றாத வடிவம் வளர்ச்சியை மீட்டு, மாற்றிய வடிவம் மீட்காவிட்டால் பிணைப்புதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஃபீனைல்அலனின் சுரப்புக்கு உதவும் செக்11 புரதத்தோடு இணையவும் பயன்படுகிறது. ஆகவே வெளியே சுரக்கவேண்டிய ஒளிர்புரதம் ஒன்றைச் செலுத்தி, அது செல்லுக்குள் தேங்குகிறதா என்று கூடவே பாருங்கள். சுரப்பு ஒழுங்காக நடந்தும் வேர் குன்றியிருந்தால்தான் கால்வாய்ப் பிணைப்பைக் காரணமாக எழுதலாம்.