சவுக்குக் கம்பும் அச்சிட்ட மூட்டும்: கடற்கரையில் நாமே கட்டும் நிழல் பந்தல்

பாம்பன், மண்டபம் கரைகளில் உட்கார்ந்து வலை சீர்செய்கிறவர்களுக்குப் பத்தடிச் சதுர நிழல் போதும். நான்கு கால், நான்கு உத்தரம், நான்கு மூலை மூட்டு. கம்பு முனைகள் செருகும் குழல்கள் கொண்ட இந்த மூட்டுகளை மட்டும், பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைத்து உருவம் செய்யும் 3டி பிரிண்டரில் அச்சிடுகிறோம். தச்சு தெரியாதவர்களும் பூட்டலாம், கழற்றலாம். இப்படி நாமே பூட்டிக் கட்டும் முறைகள் வேறும் உண்டு: 2011-இல் லண்டனில் தொடங்கிய விக்கிஹவுஸ், ஒட்டுப்பலகையை இயந்திரத்தில் வெட்டிப் பூட்டி வீடு கட்டும் முறை. உப்பீரம் ஏறும் நம் கரைக்கு உருட்டுக் கம்பே நல்லது என்பேன்.

முதலில் கம்பு. பட்டை உரித்துக் காய்ந்த சவுக்காகப் பாருங்கள். பச்சைக் கம்பு காயக் காயச் சிறுத்து, மூட்டுக்குள் ஆடும். சவுக்கு அடியில் பருத்து நுனியில் மெலியும். ஆகவே மூட்டுக்குள் நுழையும் முனையைத்தான் அளக்க வேண்டும். நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். 188 மி.மீ. வந்தால் கம்பு ஏறக்குறைய 60. மூட்டுக் குழலின் உள்விட்டத்தை 62 என்று வையுங்கள். முனைக்கு முனை பெயின்டில் எண் எழுதி, அதே எண்ணை மூட்டிலும் பொறியுங்கள். கம்பு எப்படி இருக்கிறதோ அப்படியே மூட்டு அமைய வேண்டும்; இந்த முறையின் உயிரே அதுதான். ஓபன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருளில் வடிவத்தை ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு விட்டத்தை மாற்றினால் போதும். குழலின் நீளம் விட்டத்தைப் போல் இருமடங்கு, சுவர் 6 மி.மீ.

பிளாஸ்டிக்கில் சிக்கனம் வேண்டாம். 3டி பிரிண்டரில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் ஏறக்குறைய 100 டிகிரி வரை தாங்கும், வெயிலில் எளிதில் நொறுங்காது. ஆனால் மூடிய பிரிண்டரும் அறையில் நல்ல காற்றோட்டமும் கேட்கும். அடுக்கும் அடுக்கும் ஒட்டுகிற இடமே பலவீனம் என்பதால் மூட்டைச் சாய்த்து அச்சிடுங்கள்.

மூட்டையும் கம்பையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. சாதா இரும்பு உப்புக்காற்றில் துருவேறிப் புடைத்து மூட்டைப் பிளந்துவிடும்.

மேல்சட்டத்தைத் தரையிலேயே பூட்டுங்கள். கால்களைச் செருகி, அடியில் தார் பூசி, நான்கு பேராகத் தூக்கி இரண்டடிக் குழிகளில் இறக்குங்கள். இப்போது தள்ளிப் பார்த்தால் ஆடும். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. மேல்சட்டத்திலும் மூன்று பக்கங்களிலும் நைலான் கயிற்றைப் பெருக்கல் குறியாக விறைப்பாகக் கட்டுங்கள். நான்காவது பக்கம் வழி. கச்சானோ வாடையோ, காற்றின் தள்ளலைக் கயிறு வாங்க வேண்டும், மூட்டு வாங்கக் கூடாது.

கூரைக்கு நிழல்வலை. தகரம், தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். காற்று பந்தலையே தூக்கிவிடும். மூலைக்கு ஒரு கயிறு இழுத்து, மணல் நிரப்பிப் புதைத்த சாக்கில் கட்டுங்கள்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் முதலில் நிழல்வலையை அவிழ்த்து, பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, கம்புகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது எண்ணுக்கு எண் பார்த்துச் செருகினால் போதும்.