ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஐந்து நிமிடச் சில்லறையும்: ஓய்வுக்காலத்தில் இளநாய் வளர்ப்போருக்கு

மாநகரப் பேருந்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே சில்லறை இல்லாமல் ஏறிவிட்டு, பெரிய நோட்டை நீட்டும் பயணியை எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற கையோடு நாய்க்குட்டி வளர்க்க முற்படும் நாமும் அந்தப் பயணியைப் போன்றவர்களே. நம்மிடம் நேரம் ஐந்நூறு ரூபாய் நோட்டாக இருக்கிறது. அதைக் காலையில் மொத்தமாக எடுத்து நீட்டிவிட்டு, பிற்பகலில் நிம்மதியாகக் கண்ணயரலாம் என்று எதிர்பார்க்கிறோம். குட்டியோ ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நாளெல்லாம் சில்லறையாகவே கேட்கிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இப்போது பதினான்கு மாத வயதில் இருக்கும் நாட்டு நாயால் விளைந்த வம்புகளில் பெரும்பாலானவை இந்தச் சில்லறைத் தட்டுப்பாட்டால் வந்தவை என்பதே என் கணிப்பு. அந்த வம்புகளையும், அவற்றைத் தவிர்ப்பதற்கோ சமாளிப்பதற்கோ நான் கண்ட வழிகளையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பெயர் வைப்பதிலிருந்தே கவனம் வேண்டும். நாங்கள் முதலில் 'மணி' என்று பெயரிட்டோம். மொட்டை மாடியிலிருந்து நான் அழைத்த முதல் நாளே எதிர் வீட்டுத் தையற்காரரும், இஸ்திரி வண்டிக்காரரும், தெருமுனையில் படுத்திருந்த கிழ நாயும் திரும்பிப் பார்த்தனர். எங்கள் குட்டி மட்டும் திரும்பவில்லை. தெருவில் வேறு எவருக்கும் இல்லாத, இரண்டு மூன்று எழுத்துகளில் முடிகிற பெயராகத் தேர்ந்தெடுங்கள். பேருந்து டிப்போவின் மதில் ஓரம் கிடைத்த குட்டி என்பதால் 'டிப்போ' என்று மாற்றினேன். "வேலையை விட்டும் டிப்போவை விடலையே நீங்க" என்று என் மனைவி சொன்னதைத் தவிர, அந்தப் பெயரால் வேறு தொல்லை எதுவும் இல்லை.

ஊசியும் உரிமமும்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, பிறகு மருத்துவர் கூறும் காலக் கணக்குப்படி தவறாமல் தொடர வேண்டும். வட சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. ஆட்டோவில் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே குட்டிக்கு உணவு கொடுக்காமல் இருப்பது அதைவிட நல்லது. இதைக் கற்பித்த ஆட்டோ ஓட்டுநரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தை இணையவழியில் பெறலாம்; அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை என்பதால் அந்த அட்டையைப் பத்திரமாக, குட்டியின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நேரத்தைச் சில்லறையாக்குதல்

தொடக்கத்தில் நான் செய்த தவறு, விடியற்காலையில் டிப்போவைக் காசிமேடு வரை நடத்திச் சென்று, மீன்பிடித் துறைமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றரை மணி நேரம் கழித்து வீடு திரும்பியது. இவ்வளவு நடந்த நாய் மாலை வரை எழாது என்று நம்பிப் பாயை விரித்தேன். சரியாக இருபது நிமிடம் தூங்கிய டிப்போ, அதிகாலை முதல் வண்டியைப் போல முழு வேகத்துடன் கிளம்பியது. எழ முடியாமல் கிடந்தவன் நான்தான். மேலும், வளரும் மூட்டுகளுக்கு அத்தகைய நீண்ட நடை நல்லதன்று என்று மருத்துவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை தூங்கக்கூடியவை. ஆனால் அந்தத் தூக்கமும் துண்டு துண்டாகத்தான் வரும். விழித்தவுடன், உண்ட கால் மணி நேரத்தில், விளையாடி முடித்தவுடன் ஆகிய மூன்று தருணங்களிலும் வெளியே அழைத்துச் சென்றுவிட்டால் தரை துடைக்கும் வேலை பாதியாகக் குறையும். எத்தனை மணி நேரம் அடக்கிக்கொள்ளும் என்பதற்கு, மாதக் கணக்கிலான வயதுடன் ஒன்றைக் கூட்டிக்கொள்வது தோராயமான கணக்கு: மூன்று மாதக் குட்டி அதிகம் போனால் நான்கு மணி நேரம். புரோஸ்டேட் தொல்லையால் இரவில் இருமுறை எழும் வயதில் இருக்கும் நமக்கு இந்த அட்டவணை புதிதன்று. எங்கள் வீட்டில் நானும் டிப்போவும் முதல் நான்கு மாதங்கள் ஒரே ஷிப்டில்தான் இருந்தோம்.

நடையை ஒரு நாளைக்கு நான்கைந்து முறையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடியுங்கள். பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையைப் பயன்படுத்தினால் இழுக்கும்போது கழுத்தில் விழும் அழுத்தம் குறையும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் இன்றே கைவிடுங்கள். பூனையைக் கண்ட இளநாய் உங்கள் இடுப்பெலும்பின் வயதைக் கேட்டுவிட்டு ஓடுவதில்லை.

விசிலால் வந்த வினை

பயிற்சிக்கு விசிலைத் தேர்ந்தெடுத்தது என் தொழில் புத்தி. பேருந்தில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். அதே முறையில், ஒரு விசிலுக்கு உட்காரவும் இரண்டு விசிலுக்கு ஓடிவரவும் டிப்போவைப் பழக்கினேன். செய்முறை எளியது: உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டை மூக்கின் மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால் நாய் தானாகவே உட்காரும், உட்கார்ந்த நொடியில் விசில், உடனே துண்டு. நாலைந்து நாளில் விசிலை முன்னதாக ஊதிப் பாருங்கள். பத்தே நாளில் டிப்போ தேர்ச்சி பெற்றது. தெரு முழுவதையும் அழைத்துக் காட்டாத குறையாக நான் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமையை முதலில் குலைத்தவை பிரஷர் குக்கர்கள். காலை எட்டு மணிக்கு எங்கள் குடியிருப்பின் பதினொரு சமையலறைகளும் விசிலடிக்கத் தொடங்கும்போது, டிப்போ உட்கார்ந்து, எழுந்து, மீண்டும் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் கூலியாகக் கோழித் துண்டை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டில் கொண்டைக்கடலை வேகும் நாளில் ஏழு விசில். இதைப் பொறுத்துக்கொண்டாலும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடந்ததைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. டோல்கேட் அருகே நின்றிருந்த பேருந்தின் நடத்துநர் இரண்டு விசில் கொடுத்தவுடன், என் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடிய டிப்போ படிக்கட்டில் ஏறிவிட்டது. அவர் பதறி ஒரு விசில் கொடுத்தார். வண்டி நின்றது; டிப்போவும் பெண்கள் இருக்கைக்கு அருகே ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது. மூச்சு வாங்க ஓடிச் சென்று நான் அதை இறக்கிக்கொண்டிருந்தபோது, நடைபாதையில் மீன் கூடையுடன் நின்ற அம்மாள், "சர்வீஸ்ல இருந்தப்போ கூட நீ இவ்ளோ ஓடுனதில்லயே கண்டக்டரே" என்றார்.

ஆகவே, தெருவில் ஏற்கெனவே ஒலிக்கிற எந்த ஓசையையும் கட்டளையாக வைக்காதீர்கள். வீட்டிலும் வீதியிலும் ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அங்கே புழங்காத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நான் 'ஓல்டான்' என்ற பழைய சொல்லுக்குத் திரும்பினேன். மூத்த நடத்துநர்கள் வண்டியை நிறுத்தக் குரல் கொடுத்த சொல் அது; இப்போது பேருந்துகளில் அரிதாகிவிட்டதால் டிப்போவுக்கென்றே முழுமையாக ஒதுக்க முடிந்தது. பழைய கட்டளையிலிருந்து புதியதற்கு மாற்றும்போது, புதிய சொல்லை முதலிலும் பழைய விசிலை அடுத்தும் கொடுத்து, சில நாள் கழித்து விசிலை நிறுத்திவிடுங்கள். பத்து நாளில் கற்றதை மறக்கடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

பல் முளைக்கும் பருவமும் ரெட் காயும்

நான்கு முதல் ஆறு மாத வயதிற்குள் குட்டியின் 28 பால் பற்கள் விழுந்து, 42 நிலைப் பற்கள் முளைக்கும். அந்த ஈறு அரிப்பில் கடிபடாத பொருள் இல்லை. என் முப்பத்து மூன்று ஆண்டுத் தோல் பையின் வாரை டிப்போ ஒரே பிற்பகலில் முடித்தது. பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். பழைய செருப்புக்கும் பக்கத்து வீட்டுக்கு வந்த சம்பந்தியின் புதிய செருப்புக்கும் வேறுபாடு காண அதற்குத் தெரியாது. டிப்போ மூன்று வீட்டு வாசல்களிலிருந்து ஒவ்வொரு கால் செருப்பாகக் கொண்டுவந்து சேர்த்ததால், சில வாரங்கள் எங்கள் திண்ணை, தவறவிட்ட பொருள்களைத் திருப்பித் தரும் கவுண்டராகவே இயங்கியது. பருத்தித் துணியை முடிச்சிட்டு, நனைத்து, உறைபெட்டியில் வைத்துக் கொடுப்பதும், குளிர்ந்த கேரட் கொடுப்பதும் பலன் தந்தன. வேகவைத்த எலும்பு சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும் என்பதால் அதைக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் தெருமுனையில் மாலை நேரக் கேரம் பலகை உண்டு. ஒரு நாள் ஆட்டம் முடியும் தறுவாயில், ரெட் காயைக் குழியில் தள்ளிவிட்டு, அதை உறுதிசெய்ய அடுத்த காயையும் தள்ளும் ஃபாலோ போட நண்பர் ஒருவர் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது, வலைப்பைக்குள் மூக்கை நுழைத்த டிப்போ ரெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியது. ஆறு பேர் துரத்தினோம். கூட்டிப் பார்த்தால் நானூறு வயது. துரத்துவதுதான் இதில் செய்யக்கூடாத முதல் காரியம், ஏனெனில் நாய்க்கு அதைவிடச் சுவையான விளையாட்டு வேறில்லை. அசையாமல் நின்று, வாயில் இருப்பதைவிட உயர்ந்த ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்யுங்கள். அன்று அரைத் துண்டு அவித்த முட்டைக்கு ரெட் திரும்பி வந்தது. அந்த ஃபாலோ செல்லுமா செல்லாதா என்ற வழக்கு இன்றளவும் தீரவில்லை. காயை விழுங்கிவிட்டிருந்தால் வீட்டிலேயே வாந்தி எடுக்கவைக்க முயலாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பலகையில் தூவும் போரிக் பவுடரையும் நாய் நக்காதபடி மூடி வையுங்கள்.

விளையாட்டுக் கடியை விளையாட்டாக விடாதீர்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற நண்பரின் வலது கட்டைவிரலை டிப்போ கவ்வியது ஒரு நவம்பர் மாதத்தில். பல் தோலைக் கிழித்திருந்தால், நம் வீட்டு நாயே ஆனாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நண்பரை ராயபுரத்தில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கு நானே அழைத்துச் சென்றேன். ஓய்வூதியத்திற்கான வாழ்நாள் சான்றுக்கு அவர் விரல் ரேகை வைக்க வேண்டிய மாதம் அது. கட்டுப்போட்ட விரலை இயந்திரம் ஏற்கவில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி இருப்பதால் எங்கள் வீட்டிலேயே முயன்றோம். கண் சிமிட்டச் சொன்ன நேரத்தில் டிப்போ பாய்ந்து அவர் முகத்தை நக்கியது. மூன்றாவது முயற்சியில், நாயைக் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்திய பிறகே அவர் உயிருடன் இருப்பது உறுதியாயிற்று.

உணவு, வெயில், மழை

சோறும் எலும்பு நீக்கிய கோழியும், முள் நீக்கி வேகவைத்த மீனும் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், சாம்பாரில் தோய்ந்த இட்லியும், பொரித்த வெங்காயமும் பூண்டும் சேர்ந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் கூடாது. திராட்சை, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, பேரப்பிள்ளைகளின் சாக்லேட் ஆகியவையும் நஞ்சு. கருவாட்டை மாடியில் காயவைத்தால் காவலுக்கு நீங்கள்தான் உட்கார வேண்டும், நாயை நம்பக் கூடாது.

கோடையில் தார்ச்சாலையின் மேல் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதங்களாலும் முடியாது. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையோரத்தைத் தவிர்த்து உள்தெருக்களில் நடத்திச் செல்லுங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். ஆகவே வீடு திரும்பியவுடன் கால்களைக் கழுவித் துடைத்து, காது மடல்களிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுங்கள். ஒரு முறை நான் மருவைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

மாலை ஏழு மணி வாக்கில் இளநாய்க்கு ஒரு வெறியோட்டம் வரும். கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்திற்கும் காரணமில்லாமல் பறக்கும். நோயன்று, சில நிமிடங்களில் தானாக அடங்கும். வழுக்கும் தரையில் மிதியடி விரித்து, காப்பி டம்ளரை மேலே எடுத்து வைத்துவிட்டு, சுவரோரம் கால்களை மடக்கி அமர்ந்துகொள்ளுங்கள். என் மனைவி தொடர்நாடகத்தின் ஒலியைக் கூட்டிவைத்துவிட்டுக் கட்டில்மேல் ஏறிக்கொள்வார்.

படுப்பதற்கு முன், பத்து மணிக்கு, கடைசியாக ஒரு முறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தில் தெரு அடங்கியிருக்கும். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து கடைசி வண்டிகளில் ஒன்று இரண்டு விசிலுடன் கிளம்பும் ஓசை கேட்கும்போது டிப்போ இப்போதும் காதை நிமிர்த்தும், ஒரு முன்னங்காலைத் தூக்கும், பிறகு என்னைப் பார்க்கும். நான் 'ஓல்டான்' என்பேன். வண்டி போய்விடும்.