ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன்: மரச்சட்ட வீடு எழும்பும்போது பார்க்க வேண்டியவை

மரச்சட்ட வீட்டில் வேலை ஒரே வேகத்தில் நடக்காது. தச்சர்கள் வந்த முதல் சில நாட்களில் வெறும் தளத்தின் மேல் சுவர்கள் எழுந்து, அறைகள் தெரிந்து, வீடு முக்கால்வாசி முடிந்ததுபோல் இருக்கும். பிறகு பிளம்பிங், வயரிங், குளிர்சாதனக் குழாய் என்று வாரங்கள் போகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. வீட்டுக்காரர் முதல் வாரம் தினமும் வந்து படம் எடுத்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் வராமல் இருந்துவிடுவார். உண்மையில் அப்போதுதான் வர வேண்டும். சரியாக நிறுத்திய மரச்சட்டத்தைப் பின்னால் வருகிறவர்கள் அறுப்பதும் துளைப்பதும் அந்த வாரங்களில்தான்.

கீழே வரும் அளவுகள் அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதியான ஐஆர்சியை ஒட்டியவை. உங்கள் ஊர் விதியும், ஒப்புதல் பெற்ற வரைபடமும் வேறு சொன்னால் அவைதான் செல்லும்.

கையில் 25 அடி டேப், 4 அடி ரசமட்டம், டார்ச், அளவுகள் போட்ட வரைபடத்தின் அச்சுப் பிரதி, ஜன்னல் கதவு அட்டவணை, ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம்) வரைபடம் இருக்கட்டும். தடித்த அடியுள்ள பூட்ஸ் கட்டாயம், ஏனென்றால் ஆணி மேல்நோக்கி நிற்கும் துண்டுப் பலகைகள் எங்கும் கிடக்கும். கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு, வேலை நடக்காத நேரத்தில் போங்கள். மாடிப்படித் திறப்பைச் சுற்றித் தற்காலிகத் தடுப்பு இல்லையென்றால் மேலே ஏறவே வேண்டாம்.

அடியிலிருந்து தொடங்குங்கள்

கான்கிரீட்டின் மேல் முதலில் கிடக்கும் பலகைக்கு சில் பிளேட் என்று பெயர். அது மருந்தேற்றிய மரமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பச்சை அல்லது பழுப்புச் சாயல் தெரியும், முனையில் சீட்டு அடித்திருக்கும். சாதாரண மரம் கான்கிரீட்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உளுத்துவிடும். பலகையைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் அரை அங்குல ஆங்கர் போல்ட்டுகள் 6 அடிக்கு மேல் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். ஒவ்வொரு பலகைத் துண்டுக்கும் குறைந்தது இரண்டு போல்ட். ஒவ்வொரு முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று, ஆனால் மூன்றரை அங்குலத்தைவிட நெருக்கமாக வேண்டாம். போல்ட் இருக்கும் இடத்திலேயே ஸ்டட் (சுவரின் செங்குத்து மரக்கால்) வந்து விழுந்தால் சிலர் போல்ட்டை அறுத்துவிடுவார்கள். அறுத்த போல்ட்டைக் கண்டால் உடனே எழுதி அனுப்புங்கள். மாற்று ஆங்கர் எது, எங்கே என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

தளமும் கழிவறைக் குழாயும்

தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்களான ஜாய்ஸ்ட்டுகள் பொதுவாக சென்டர் டு சென்டர் 16 அங்குலத்தில் வரும். மரத்தில் இயல்பான வளைவு இருக்கும். அதன் மேடு மேற்பக்கம் பார்க்க வேண்டும், பாரம் ஏறியதும் சமமாகிவிடும். ஒன்றே ஒன்று தலைகீழாகப் போட்டிருந்தால் அந்த இடத்தில் தளம் பள்ளமாகும்.

மேலே அடிக்கும் தளப்பலகைக்குப் பசையும் ஆணியும் இரண்டும் வேண்டும். கிறீச் சத்தத்துக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு: பலகை வருவதற்குள் பசை காய்ந்துவிட்டது, அல்லது ஆணி ஜாய்ஸ்ட்டில் இறங்காமல் பக்கவாட்டில் போய்விட்டது. இரண்டாவதைக் கீழே நின்று டார்ச் அடித்தால் பார்த்துவிடலாம், ஜாய்ஸ்ட்டை ஒட்டி ஆணி பளபளவென்று தொங்கும். மேலே ஒவ்வொரு அறையிலும் குதிகாலை ஊன்றி வரிசை வரிசையாக நடந்து, சத்தம் வரும் இடத்தில் மார்க்கரால் வட்டம் போடுங்கள். இன்று நாலு ஸ்க்ரூவில் முடியும் வேலை அது. மேலே மரத்தளமோ டைல்ஸோ வந்தபின் அப்படி முடியாது.

அடுத்தது கழிவறை. டாய்லெட் வடிகாலின் மையம் முடிந்த சுவரிலிருந்து வழக்கமாக 12 அங்குலம். சுவரை மூடும் அரை அங்குல ஜிப்சம் போர்டைச் சேர்த்தால், ஸ்டட்டிலிருந்து பன்னிரண்டரை. டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் அதன் கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியைத் தளத்தில் குறித்துவிட்டுக் கீழே போய்ப் பாருங்கள். நேர் கீழே ஜாய்ஸ்ட் ஓடுகிறதா? ஓடினால் பிளம்பர் வந்து அறுப்பார், அவருக்கு வேறு வழி கிடையாது. அதற்கு முன்பே அந்த ஜாய்ஸ்ட்டை நகர்த்தவோ, இருபக்கமும் குறுக்குக்கட்டை கொடுத்துத் திறப்பு அமைக்கவோ சொல்லுங்கள்.

குழாய் ஜாய்ஸ்ட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தாலும் கணக்கு உண்டு. முழுமர ஜாய்ஸ்ட்டில் துளை அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 2 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். விளிம்பில் வெட்டும் பள்ளம் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குள். நீளத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் பள்ளமே கூடாது. இதைக் குழாயோடு பொருத்திப் பாருங்கள். 2×10 என்று சொல்லும் மரத்தின் உண்மை உயரம் 9¼ அங்குலம், அதில் அனுமதி மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். 3 அங்குல வடிகால் குழாயின் வெளிவிட்டமோ மூன்றரை. ஆக, 2×10 ஜாய்ஸ்ட்டுகளைக் குறுக்கே கடந்து டாய்லெட் குழாய் போயிருந்தால் அந்தத் துளை விதியை மீறியதுதான். ஆங்கில I வடிவ ஜாய்ஸ்ட்டுகளுக்குத் துளை அட்டவணையைத் தயாரிப்பாளர் தருவார். அவற்றின் மேல் கீழ்ப் பட்டைகளில் ஒரு கீறல்கூடக் கூடாது.

சுவர்கள்: நிற்குமுன் ஒரு முறை, நின்றபின் ஒரு முறை

சுவர் எழும்புமுன் தளத்தின் மேல் சுண்ணக்கோடு அடித்து எல்லாச் சுவர்களையும் வரைந்திருப்பார்கள். மாற்றம் ஏதாவது கேட்பதென்றால் இந்தக் கோட்டு நாளைவிட மலிவான நாள் கிடைக்காது. ஒவ்வொரு அறையின் நீள அகலத்தையும் அளங்கள். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை அளவுகளைத் தளத்தில் மார்க்கரால் வரைந்து, கதவு திறக்கும் பக்கத்தையும் போட்டுப் பாருங்கள். மூலை சதுரமா என்று பார்க்க ஒரு சுவரில் 6 அடி, மறு சுவரில் 8 அடி குறித்தால் குறுக்கே சரியாக 10 அடி வர வேண்டும்.

டேப் வைக்கும்போது மரத்தின் பெயரை நம்பாதீர்கள். 2×4 என்பது 1½ × 3½ அங்குலம், 2×6 என்பது 1½ × 5½. சுவருக்குச் சுவர் ஸ்டட் இடைவெளியில் இருபுறமும் அரை அங்குலம் போர்டு ஏறும், அறை ஒரு அங்குலம் சுருங்கும். குளியல் தொட்டியில் இந்தக் கணக்கு வேறு. 60 அங்குலத் தொட்டி ஸ்டட்டுக்கு ஸ்டட் உட்காரும், அதனால் அங்கே 60 அங்குலம் அப்படியே வேண்டும். கால் அங்குலம் குறைந்தாலும் தொட்டி இறங்காது. கதவுத் திறப்புக்குக் கதவைவிட அகலத்தில் 2 அங்குலம், உயரத்தில் இரண்டரை கூட்டுவது வழக்கம். 32 × 80 அங்குலக் கதவுக்கு 34 × 82½.

சுவர் நின்றபின் சமையலறையும் டைல்ஸ் ஒட்டும் குளியலறைச் சுவரும் தனிக் கவனம் கேட்கும். நேரான 8 அடிப் பலகையை ஸ்டட்டுகளின் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்டட் கால் அங்குலத்துக்கு மேல் துருத்தினாலோ உள்வாங்கினாலோ மாற்றச் சொல்லுங்கள். படுக்கையறையில் அந்த வளைவு கண்ணில் படாது. சமையலறைக் கேபினெட் வரிசையில் ஒவ்வொரு நாளும் தெரியும்.

இனி பாரத்தின் வழி. கூரையில் பெரிய பீமோ, பல ட்ரஸ்களைத் தாங்கும் தாய் ட்ரஸ்ஸோ எங்கே உட்கார்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதன் அடியில் இரண்டு மூன்று ஸ்டட் சேர்த்த கட்டை இருக்கும். அந்தக் கட்டையின் நேர் கீழே, தளத்தின் ஜாய்ஸ்ட் உயரத்துக்குள்ளும் மரம் நிரப்பியிருக்க வேண்டும். பிறகு கீழ்ச்சுவரில் அதே இடத்தில் கட்டை, கடைசியில் அஸ்திவாரம். மேல்கட்டை இருக்கும், கீழ்க்கட்டையும் இருக்கும், நடுவில் தளத்துக்குள் மட்டும் வெறும் காற்று இருக்கும். எளிதில் விடுபடும் இடம் அதுதான். ஜன்னல் திறப்பின் மேல் பாரம் தாங்கும் குறுக்குமரமான ஹெடருக்கும் இதே பார்வை. ஹெடரின் முனை குட்டை ஸ்டட்டின் தலையில் உட்கார வேண்டும், பக்கத்து முழு ஸ்டட்டில் ஆணியால் மட்டும் தொங்கக் கூடாது.

படுக்கையறை ஜன்னல் தீ விபத்தில் வெளியேறும் வழியும்கூட. திறந்தால் கிடைக்கும் வெளி 5.7 சதுர அடி (தரைமட்டத்தில் 5), உயரம் குறைந்தது 24 அங்குலம், அகலம் குறைந்தது 20, திறப்பின் அடி தளத்திலிருந்து 44 அங்குலத்துக்குள். குறைந்தபட்ச உயரத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பாருங்கள், 480 சதுர அங்குலம், அதாவது மூன்றேகால் சதுர அடிக்குச் சற்று மேல். இரண்டும் சரி என்று விட்டால் பரப்பளவில் தோற்கும்.

படிக்கட்டு

படியின் உயரம் அதிகபட்சம் 7¾ அங்குலம், கால் வைக்கும் அகலம் குறைந்தது 10. ஒரே படிக்கட்டில் மிக உயரமான படிக்கும் மிகக் குட்டையான படிக்கும் வித்தியாசம் ⅜ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தலைக்கு மேல் 6 அடி 8 அங்குலம். இந்தக் கட்டத்தில் எல்லாப் படியும் ஒரே உயரத்தில் இருந்தால் மகிழாதீர்கள். கீழ்த்தளத்தில் ¾ அங்குல மரத்தளம் வரப்போகிறது, படிகளில் அந்தக் கனம் ஏறாது என்றால், முடிவில் முதல் படி மட்டும் ¾ குட்டையாகிவிடும். தச்சர் இப்போதே முதல் படியை அவ்வளவு உயர்த்தி வைத்திருக்க வேண்டும். எந்தத் தளத்தில் என்ன விரிப்பு, என்ன கனம் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள்.

கூரை

ட்ரஸ்ஸில் அறுப்பதோ துளைப்பதோ எந்தக் காரணத்துக்கும் கிடையாது, குளிர்சாதனக் குழாய்க்கு இடமில்லை என்றாலும் சரி. ட்ரஸ் வரைபடத்தில் நீண்ட சாய்வுக் கால்களுக்குக் குறுக்குக்கட்டை காட்டியிருந்தால் அது அங்கே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கூரைப் பலகைகளுக்கு இடையே ⅛ அங்குல இடைவெளி வேண்டும், ஈரத்தில் விரியும்போது மேடு தட்டாமல் இருக்க. ஆணித்தலை பலகையின் பரப்போடு நிற்க வேண்டும். ஆணி அடிக்கும் துப்பாக்கியின் அழுத்தம் கூடி உள்ளே புதைந்த ஆணியின் பிடி குறையும்.

மழையில் நனைந்தால் பதற்றம் வேண்டாம், தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடச் சொன்னால் போதும். ஆனால் ஜிப்சம் போர்டு ஏறும் நாளில் மரத்தின் ஈரம் 19 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரமானி மலிவான கருவிதான், கான்ட்ராக்டரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

குழாயும் வயரும் வந்தபின்

பாரம் தாங்கும் ஸ்டட்டில் துளை அகலத்தில் 40 சதவீதம் வரை, விளிம்புப் பள்ளம் 25 சதவீதம் வரை. 2×4 என்றால் துளை 1.4 அங்குலம், பள்ளம் ⅞. பாரம் தாங்காத ஸ்டட்டில் துளை 60, பள்ளம் 40. எதிலும் துளைக்கும் விளிம்புக்கும் நடுவே ⅝ அங்குல மரம் மிஞ்ச வேண்டும். வயரோ குழாயோ ஸ்டட்டின் முகத்திலிருந்து 1¼ அங்குலத்துக்குள் போனால் மேலே இரும்புத் தகடு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்டு ஸ்க்ரூ நேராக அதில் இறங்கும்.

பின்னால் மாட்டுபவற்றின் ஸ்க்ரூ பிடிக்கச் சுவருக்குள் கட்டை வைக்கச் சொல்லவும் இதுவே நேரம். குளியலறைக் கைப்பிடிக்குத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்தில், படிக் கைப்பிடிக்கு 34 முதல் 38க்குள், டிவி மாட்டும் இடம், கனமான அலமாரி, திரைச்சீலைக் கம்பி. வேலையிடத்தில் கிடக்கும் 2×8 துண்டுகளே போதும். வீட்டில் முதியவர் யாரும் இல்லை என்று கைப்பிடிக் கட்டையை விட்டுவிடாதீர்கள்.

கண்ட குறைகளைத் தச்சரிடம் நேரில் உத்தரவாகச் சொல்ல வேண்டாம். அவர் உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. படமும் இடமும் அளவுமாக ஒரே பட்டியலில் கான்ட்ராக்டருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாற்றம் கேட்டால் செலவும் நாளும் குறித்த தாளில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலை. மரச்சட்டத்துக்கான அரசு ஆய்வு பிளம்பிங், வயரிங் முடிந்தபின், இன்சுலேஷனுக்கு (சுவருக்குள் அடைக்கும் வெப்பத்தடுப்புக்கு) முன் நடக்கும். உங்கள் பட்டியல் அதற்குச் சில நாள் முன்பே போய்விட வேண்டும். இன்ஸ்பெக்டர் விதியைத்தான் பார்ப்பார். சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அது அவர் வேலை அல்ல.

இன்சுலேஷன் வரும் முந்தைய நாள் எல்லாச் சுவரையும் படமெடுங்கள். அறையின் பெயரைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, கதவிலிருந்து வலப்பக்கமாக ஒரு சுற்று. ஒவ்வொரு படத்திலும் டேப்பை மூலையிலிருந்து நீட்டி வையுங்கள், எண்கள் தெரியும்படி. இன்னொரு படத்தில் டேப் தரையிலிருந்து செங்குத்தாக. கூரைப் பக்கத்தையும் எடுங்கள். டேப் இல்லாத படத்தில் குழாய் இருப்பது தெரியும், மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில் என்பது தெரியாது. துளைக் கருவியோடு நிற்கும்போது தேவைப்படுவது அந்த எண்தான்.