நீரோடிக் கடலைக் கட்டம் போட்டுப் பார்ப்பது எப்படி

கடலில் எங்கே மீன்பிடி, எங்கே காப்பிடம், எங்கே கப்பல் தடம் என்று வரைபடத்தில் பிரித்துப் பார்க்கும் வேலைக்குக் கடல்வெளித் திட்டமிடல் என்று பெயர். இந்தியா–நார்வே கூட்டுமுயற்சியில் புதுச்சேரிக்கும் லட்சத்தீவுக்கும் இது முன்னோடியாக நடந்தது. எந்த இடத்தை எதற்கு ஒதுக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் முடிவுத்துணை மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும்.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. சிக்கல் என்னவென்றால், குப்பையைக் கொடுத்தாலும் மென்பொருள் அழகான ஒரு விடையைத் தரும். தரவு இல்லாத இடத்தை ஆளில்லாத இடம் என்று எடுத்துக்கொண்டு, “இங்கே காப்பகம் வைத்தால் யாருக்கும் நட்டமில்லை” என்று பச்சை அடித்துவிடும். குமரி மாவட்டத்தில் நீரோடி தொடங்கி வள்ளவிளை, தூத்தூர், தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம் என்று போகும் கேரள எல்லைக் கடற்கரையில் அப்படிப் பச்சை விழும் இடம்தான் பெரும்பாலும் வள்ளக்காரரின் அன்றாடப் பிழைப்பு. ஆகவே 10 நாள் வேலையில் 7 நாள் தரவுக்கு ஒதுக்குங்கள்.

எதை நிறுவுவது

வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் (QGIS). கணக்குக்கு இரண்டு வழி. ஒன்று மார்க்ஸன் (Marxan): குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது, 2004-இல் கிரேட் பேரியர் ரீஃப் மறுமண்டலமாக்கலில் பயன்பட்டது. மற்றது ஆர் (R) நிரல்மொழியில் இயங்கும் பிரையாரிட்டைசர் (prioritizr). மார்க்ஸன் தோராயமான நல்ல விடைகளை நூறு தடவை தேடித் தரும். பிரையாரிட்டைசர் ஒரே விடையைக் கணக்குப்படி நிறுவி, உச்ச விடையிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்றும் சொல்லும். புதிதாகத் தொடங்குவோருக்கு பிரையாரிட்டைசரே நல்லது. கூடவே, கணக்கை விடுவிக்க ஹைஸ் (HiGHS) என்ற இலவசத் தீர்வுக்கருவி போதும். காசு கொடுத்து வாங்கும் குரோபி (Gurobi) இந்த அளவு வேலைக்குத் தேவையில்லை.

கட்டம் வெட்டுதல்

கரையோரம் 70 கி.மீ., கடலுக்குள் 40 கி.மீ. என்று வைத்தால் 2,800 சதுர கி.மீ. இதை அறுகோணக் கட்டங்களாக வெட்டுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் இடைவெளி 1,075 மீட்டர் கொடுத்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 சதுர கி.மீ. வரும். அதற்கு முன் எல்லா அடுக்குகளையும் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வரைபடத் தரவுகளை) மீட்டரில் அளக்கும் யுடிஎம் (UTM) முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது 32643 குறியீட்டுக்கு, மாற்றிவிடுங்கள். மாற்றாமல் பாகைக் கணக்கில் வெட்டினால் பரப்பு, சுற்றளவு எல்லாம் பொய். 78 பாகை தீர்க்கரேகையைத் தாண்டினால் மண்டலம் 44 ஆகிவிடும். அந்தக் கோடு மணப்பாட்டுக்குச் சற்று மேற்கே விழுகிறது, ஆகவே குமரி மாவட்டம் முழுக்க 43-க்குள்ளேயே அடங்கும்.

கட்டத்தை நீரோடியோடு நிறுத்திவிடாதீர்கள். மீனுக்கும் நீவாட்டுக்கும் (நீரோட்டத்துக்கும்) மாநில எல்லை தெரியாது. பொழியூர், பூவார், விழிஞ்ஞம் வரை நீட்டுங்கள். சட்டம் மட்டும் எல்லையில் மாறும். மேற்குக் கரையில் தமிழ்நாட்டின் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். கேரளத்தின் இழுவலைத் தடை 52 நாள். இதே மாவட்டத்தின் சின்னமுட்டத்திலோ கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தமிழ்நாட்டில் விசைப்படகு கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால்தான் பிடிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் “எந்தச் சட்டம்”, “எந்த மாதம் மூடல்” என்று இரண்டு பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் சேர்ப்பது தலைவலி.

விலை அடுக்கு

ஒரு கட்டத்தைக் காப்பிடமாக ஒதுக்கினால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பதே விலை. குளோபல் ஃபிஷிங் வாட்ச் போன்ற தளங்கள் பெரும்பாலும் ஏஐஎஸ் (தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும்) கருவி உள்ள கலங்களைத்தான் காட்டும். விழிஞ்ஞத்துக்கு வரும் சரக்குக் கப்பல் அதில் துல்லியமாகத் தெரியும். கட்டுமரமும் வள்ளமும் கரைமடியும் சுழியம். இறங்குதளப் புள்ளிவிவரமும் பாதிதான் சொல்லும்: தூத்தூர் வட்டாரத்தின் தங்கல் படகுகள் (பல நாள் கடலில் தங்கிப் பிடிப்பவை) கொச்சி போன்ற தொலைதூரத் துறைமுகங்களில் மீன் இறக்குகின்றன.

எனவே ஊரில் உட்கார்ந்துதான் இந்த அடுக்கைச் செய்ய வேண்டும். 1:50,000 அளவில் பெரிய தாளில் வரைபடம் அச்சிடுங்கள். ஆழக்கோடுகளை மீட்டரோடு பாகத்திலும் எழுதுங்கள் (ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர்), “20 மீட்டர்” என்றால் தயங்குபவர் “11 பாகம்” என்றதும் கையை வைத்துவிடுவார். கரையில் கோவில், பள்ளிவாசல், மாதா கோபுரம், மலைமுடி எல்லாவற்றையும் குறியுங்கள். பார்களை (கடலடிப் பாறைத்திட்டுகளை) கண்டுபிடிக்கும் கணியம் இந்த அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பிடித்துத்தான் வேலை செய்கிறது. அவை இல்லாத வரைபடம் அவர்களுக்கு வெற்றுத் தாள்.

வள்ளக்காரர், கரைமடிக்காரர், தூண்டில்காரர், சிப்பி எடுப்பவர், மீன் விற்கும் பெண்கள் என்று தனித்தனியாக உட்காருங்கள். எல்லோரையும் ஒரே அறையில் வைத்தால் பெரிய படகுக்காரர் குரல் மட்டுமே வரைபடத்தில் ஏறும். குழுவுக்கு 100 புளியங்கொட்டை கொடுத்து, பிழைப்பு எங்கே எவ்வளவு என்று வைக்கச் சொல்லுங்கள். ஓர் ஊரில் 120 வள்ளம், மாதம் 18 நாள், ஆண்டுக்கு 8 மாதம் என்றால் 17,280 படகுநாள்; ஒரு கொட்டை 172.8 படகுநாள். கொட்டை விழுந்த இடத்தைக் கட்டங்களுக்குப் பகிர்ந்தால் விலை வந்துவிடும். மழைக்காலத்துக்கும் மற்ற காலத்துக்கும் இரண்டு முறை செய்யுங்கள். ஆனி ஆடியில் இந்தக் கடல் வேறு கடல்.

கவனிக்க: பார் இருக்கும் இடம் ஒருவர் தகப்பனிடம் கற்ற தொழில் ரகசியம். ஜிபிஎஸ் புள்ளியாகச் சேமிக்காதீர்கள். கட்ட எண் அளவிலேயே பதிவுசெய்து, மூலத் தாளை ஊரிலேயே விட்டுவிடுங்கள். 1 சதுர கி.மீ. கட்டத்துக்கு அதற்கு மேல் துல்லியம் தேவையும் இல்லை.

கொட்டை விழாத கட்டத்துக்கு விலை 0 கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மென்பொருள் அதையெல்லாம் இலவசமாக அள்ளிக்கொள்ளும். மிகக் குறைந்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கை எல்லாக் கட்டத்துக்கும் அடிவிலையாக வையுங்கள்.

தட்பவெப்ப அடுக்கு

அதிகம் ஏமாறும் இடம் இது. சிஎம்ஐபி 6 (CMIP6) வரிசை உலகத் தட்பவெப்பக் கணினி மாதிரிகளின் கடல் கட்டம் பெரும்பாலும் 1 பாகை, கிட்டத்தட்ட 110 கி.மீ. நம் திட்டப் பரப்பு முழுவதும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் விழும். அதிலும் கரையோரக் கட்டம் நிலம் என்று காலியாக இருக்கும். அதை இடைச்செருகி வழவழப்பாக்கினால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், உள்ளே எதுவும் இருக்காது. பயோ ஆரக்கிள் (Bio-ORACLE) என்ற கடல்சூழல் தரவின் 0.05 பாகை, சுமார் 5.5 கி.மீ., பரவாயில்லை. அதிலும் 2,800 சதுர கி.மீ.க்கு ஏறக்குறைய 93 எண்கள்தான் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆண்டுச் சராசரி வெப்பத்தை எடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் குமரிமுனையை ஒட்டி அடிநீர் மேலேறிக் கடல் குளிரும். சூடு உச்சம் தொடுவது அதற்கு முந்தைய மாதங்களில். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிகச் சூடான மாதத்தின் வெப்பத்தைத் தனி அடுக்காக எடுங்கள். பாறைப்பார்களில் பவளம் இருந்தால் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் (NOAA) 5 கி.மீ. வெப்ப அழுத்த வாரக் கணக்கையும் (Degree Heating Weeks) சேருங்கள்: 4-ஐத் தொட்டால் வெளிறல், 8-ஐத் தாண்டினால் சாவு எதிர்பார்க்கலாம்.

தட்பவெப்ப வேகம் என்ற அளவீடும் பழக்கத்தில் உண்டு. ஆண்டுக்கு எத்தனை பாகை சூடேறுகிறது என்பதை, கிலோமீட்டருக்கு எத்தனை பாகை மாறுகிறது என்பதால் வகுத்தால், ஓர் உயிரி தன் பழைய வெப்பத்தைத் தேடி ஆண்டுக்கு எத்தனை கி.மீ. நகர வேண்டும் என்று வரும். வெப்பம் சீராகப் பரவிய கடலில் வகுக்கும் எண் சுழியத்தை நெருங்கி விடை வானத்துக்குப் போகும். 95-ஆம் சதமானத்தில் வெட்டிவிடுங்கள்.

இவற்றிலிருந்து “குறைவாகப் பாதிக்கப்படும் இடம்” எப்படி எடுப்பது? ஒவ்வொரு வாழிடத்திலும் தட்பவெப்பம் மிகச் சாந்தமான 5% பரப்பைத் தனி அம்சமாக (காக்க வேண்டிய ஒன்றாக) பிரித்து, இலக்கு, அதாவது காப்பிடத்துக்குள் வர வேண்டிய பங்கு, 100% கொடுங்கள். மொத்த இலக்கு 30% என்றால், மீதி 95% பரப்புக்கு இலக்கு 25-ஐ 95-ஆல் வகுத்த 26.3%. மீதிக்கும் 30% என்றே விட்டுவிட்டால் மொத்த இலக்கு உங்களுக்குத் தெரியாமலே 33.5% ஆகிவிடும்.

மீன் பரவல் அடுக்குக்கு எந்த ஆண்டுகள் என்பதையும் எழுதி வையுங்கள். கேரளத்தின் சாளை வரத்து 2012-இல் 4 லட்சம் டன்னை ஒட்டி இருந்து, 2021-இல் 3,500 டன்னைக்கூடத் தொடவில்லை. இரண்டையும் கலந்து சராசரி போட்டால் எந்த ஆண்டிலும் இல்லாத ஒரு கடல் கிடைக்கும்.

வெப்பத்தோடு நிறுத்தினால் பாதி வேலை. காற்றே இல்லாத நாளில், தொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை வந்து ஏறும் கள்ளக்கடலும், கரையரிப்பும், கடல்மட்ட உயர்வும் வள்ளம் ஏற்றும் மணலையே தின்கின்றன. அதிக உமிழ்வுச் சூழலில் 2100-க்குள் உலகச் சராசரி உயர்வு 0.63 முதல் 1.01 மீட்டர் என்பது ஐபிசிசி ஆறாம் அறிக்கையின் கணக்கு. கரை போனால் படகு தேங்காப்பட்டணத்துக்கோ குளச்சலுக்கோ இடம் மாறும். மீன்பிடி அழுத்தமும் கூடவே மாறும். ஆகவே அரிப்பு வரைபடத்தில் சிவந்த கரைகளை நீக்கி, அந்த ஊர்ப் படகுகளை அடுத்த துறைமுகத்துக்கு மாற்றி, இரண்டாவது விலை அடுக்கு ஒன்று செய்யுங்கள். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) போட்ட இடங்களில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். வளைவின் இரு பக்கத்தையும் ஒரே கரையாக எண்ணாதீர்கள்.

ஓட்டம்

நோக்கம்: இலக்கை எட்டும் மிகக் குறைந்த விலை. துறைமுக வாயில், நங்கூரப் பகுதி, கப்பல் தடம் ஆகியவற்றைத் தெரிவில் சேராதபடி பூட்டி வெளியே வையுங்கள். காப்பிடம் சிதறிச் சுற்றளவு கூடினால் விதிக்கும் எல்லைத் தண்டத்தை 0-வில் தொடங்கி, பிறகு ஒரு சின்ன எண்ணிலிருந்து பத்துப் பத்து மடங்காகக் கூட்டிப் போங்கள். சுற்றளவு சட்டென்று குறைந்து விலை இன்னும் ஏறாத வளைவுதான் சரியான இடம். சுற்றளவு மீட்டரில் இருந்தால் எண்கள் பெரிதாகிச் சின்னத் தண்டமே எல்லாவற்றையும் ஒரே உருண்டையாக்கிவிடும், கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உச்ச விடையிலிருந்து தள்ளி நிற்கத் தீர்வுக்கருவிக்கு இயல்பாக விடும் இடைவெளி 10%. அது தாராளம், 1% ஆக்குங்கள்.

அடுத்தது பலர் விட்டுவிடும் அடி. ஒவ்வோர் ஊருக்கும் நேர்கோட்டு நிபந்தனை (linear constraint) ஒன்று சேருங்கள்: தெரிவான கட்டங்களில் அந்த ஊரின் படகுநாள் மொத்தத்தில் 10%-ஐத் தாண்டக் கூடாது. இது இல்லாவிட்டால் மொத்த இழப்பு குறைவாகத் தெரியும்; இரவிபுத்தன்துறை போன்ற சின்ன ஊர் ஒன்று தன் கடலில் பாதியை இழந்திருக்கும். நிபந்தனை சேர்த்ததும் “தீர்வு இல்லை” என்று வந்தால் பயப்படாதீர்கள். 10-ஐ 12, 15 என்று ஏற்றிப் பார்த்து, எந்த ஊர் முட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். பேச வேண்டியது அந்த ஊரோடுதான்.

மார்க்ஸனில் ஓட்டுவோருக்கு: 100 ஓட்டம், ஓட்டத்துக்கு 10 லட்சம் சுற்று. கட்டத்தையும் அம்சத்தையும் இணைக்கும் கோப்பு கட்ட எண்ணின் ஏறுவரிசையில் இல்லையென்றால் விடை தவறாகப் போகும். இலக்குகள் எட்டப்படவில்லை என்றால் இலக்கைத் தவறவிட்டால் விதிக்கும் தண்டத்தை முதலில் கூட்டுங்கள்.

குறைந்த, நடுத்தர, அதிக உமிழ்வு என மூன்று சூழல், விலை அடுக்கு இரண்டு: மொத்தம் ஆறு ஓட்டம். சூழல்களைச் சராசரி போட்டு ஒரே ஓட்டமாக்க வேண்டாம். ஆறிலும் தெரிவான கட்டம், சூழல் எதுவானாலும் நிலைக்கும். மூன்று நான்கு தடவை வந்தவை பேச்சுக்குரியவை. இரண்டாம் விலை அடுக்கில் மட்டும் வந்தவை கரை போனபின் யோசிக்க வேண்டியவை.

ஊருக்குத் திரும்பும்போது இந்த ஆறுக்கு-எத்தனை வரைபடத்தையே கொண்டுபோங்கள்; “சிறந்த விடை” என்று ஒரே படத்தைக் காட்டினால் முடிவு எடுத்தாயிற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடுங்கள். ஆறுக்கு ஆறு வந்த ஒரு கட்டத்தைப் பார்த்து யாராவது சிரித்தால் கட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு முதலில் அதன் விலையைத் திறந்து பாருங்கள். அடிவிலை மட்டுமே நின்றால், கொட்டை வைக்க அந்தத் தொழில்காரரை யாரும் கூப்பிடவில்லை என்று அர்த்தம்.