பிரேக் பெடல் உள்ளே போகிறதா? ஏர் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் பட்டறை. வருகிற வண்டிகளில் பாதி மீன் ஏற்றுகிற மாருதி ஆம்னி வேன்கள், மீதி புதுச்சேரிக்கும் இங்கேயுமாக ஓடுகிற சின்ன கார்கள். "அண்ணே, பெடல் உள்ளே போகுது, ஏர் எடுத்து விட்டுடுங்க" என்பார்கள். நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏர் எடுத்தால், அதாவது பிரேக் ஆயில் ஓடுகிற பைப்புகளில் புகுந்த காற்றை வெளியேற்றினால், பெடல் ஏறத்தான் செய்யும். ஆனால் பிரேக் லைன் மூடிய அமைப்பு, அதற்குள் காற்று சும்மா வராது. வந்த வழியை அடைக்காமல் ஏர் மட்டும் எடுத்தால் சீக்கிரமே அதே வண்டி அதே குறையோடு வந்து நிற்கும். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் பெடலைக் காலால் சோதியுங்கள்.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெடலை நாலைந்து தடவை மிதித்தால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டரில் இருக்கிற வேக்குவம் தீர்ந்து பெடல் கெட்டியாகும். அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் இறங்கி நிற்கும். அது பழுதல்ல, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பயந்து ஓடி வருகிறவர்களும் உண்டு.

இனிமேல்தான் விஷயம். ஓடுகிற எஞ்சினோடு பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரை வரைக்கும் இறங்கினால் பிரேக் ஆயில் எங்கோ வெளியே போகிறது, இல்லை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்து ஆயில் பின்பக்கமாகக் கசிகிறது. இறங்காமல் நின்று, ஆனால் பஞ்சு மாதிரி அமுங்கி எழுந்தால் காற்று. பெடல் ரொம்பக் கீழே போய்ப் பிடிக்கிறது, இரண்டு தடவை அடித்து மிதித்தால் மேலே வந்து கல்லாக நிற்கிறது என்றால் பெரும்பாலும் பின் சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. அதற்கு ஏர் எடுத்துப் பிரயோஜனமில்லை, ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். கடலோரத்தில் இந்த இடைவெளியைத் தானாகவே சரிசெய்கிற அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிப் போவது சகஜம். டிரம்மைக் கழற்றி, சுத்தம் செய்து, அட்ஜஸ்டரின் புரி எளிதாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

கசிவைத் தேடும்போது முதலில் பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேடு தேய்ந்தாலும் அளவு சற்றுக் குறையும். ஆனால் நிரப்பிய பிறகும் திரும்பத் திரும்பக் குறைந்தால் கசிவுதான். மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேருகிற இடத்தில் கீழ்ப்பக்கம் விரலை வைத்துத் தடவுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் பின் ரப்பர் போய்விட்டது. அடுத்து நாலு சக்கரத்தின் உட்பக்கம். பின் டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக விலக்குங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும், ஷூ மேல் இருக்கிற, ஆயில் ஊறிய லைனரையும் சேர்த்து. துடைத்துவிட்டு மாட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஊறின லைனர் பிடிக்காது.

மீன் வண்டிகளில் நான் முதலில் தேடுகிற இடம் வேறு. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தரை ஓட்டை வழியாக வழிந்து, அடியில் ஓடுகிற பிரேக் பைப்பின் கிளிப்புகளில் தேங்கும். வெளியே நன்றாகத் தெரிகிற பைப், கிளிப்பைக் கழற்றினால் செதில் செதிலாக உதிரும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீட்டு வாசலிலேயே நிற்கிற கார்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த பைப்புக்கு எம்சீல் ஒட்டுகிற வேலை வேண்டாம், பைப்பையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸையும் விடாதீர்கள். ஒருவர் பெடலை மிதிக்க, நீங்கள் ஹோஸைக் கையில் பிடித்திருந்தால் உப்புவது விரலுக்கே தெரியும்.

ஓட்டை அடைத்தாகிவிட்டது. இப்போது ஏர் எடுக்கலாம். முதல் நாள் ராத்திரியே நிப்பிள்களை, அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியே விடத் திறக்கிற சின்னத் திருகுகளை, கம்பி பிரஷால் தேய்த்து, துருவை இளக்குகிற டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து வையுங்கள். உப்புக்காற்றில் இருக்கிற நிப்பிளைக் காலையில் வந்து முரட்டுத்தனமாகத் திருகினால் உடைந்து கையோடு வரும். ரிங் ஸ்பேனர் மட்டும், பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும்.

நம்மூர் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கும். எனவே தூரமான இடது பின் சக்கரம் முதலில், பிறகு வலது பின், இடது முன், கடைசியில் வலது முன். சில வண்டிகளுக்கு வேறு வரிசை, கையேட்டைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனை புது ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறப்பீர்கள், பெடல் இறங்கும், குமிழி வரும். நீங்கள் மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். இந்த வேலைக்கு அவசரக்காரத் தம்பியைக் கூப்பிடாமல் சொன்னதைக் கேட்கிற ஆளை உட்கார வையுங்கள். பழைய வண்டி என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை போடுங்கள். இதுவரை தொடாத தூரத்துக்கு ரப்பர் போனால் அங்கிருக்கிற துருவில் கிழியும். டப்பாவில் ஆயில் 'MIN' என்று போட்ட குறைந்தபட்ச அளவுக் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது.

ஆயில் விஷயத்தில் மூடியில் போட்டிருப்பதே கணக்கு, பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 சிலிகான் சார்ந்தது, இவற்றோடு கலக்கவே கூடாது. திறந்து வைத்து நாளான பாட்டிலையும் ஊற்றாதீர்கள். இந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறினால் தரம் அனுமதிக்கிற எல்லையே 155. ஏற்காடு இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து வந்து பெடல் திடீரென்று தொய்ந்து, நின்று ஆறின பிறகு சரியாகிவிட்டால் காரணம் இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சிலிண்டர் ரப்பரைப் பெட்ரோலில் கழுவினால் ஊதிவிடும், பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

2019 ஏப்ரல் முதல் புது கார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் பெடல் மிதித்து மட்டும் எடுக்க முடியாது. பல வண்டிகளுக்கு ஸ்கேனர் போட்டு மோட்டாரை ஓட்ட வேண்டும். அதை ஸ்கேனர் வைத்திருக்கிற இடத்தில் விடுங்கள். பெடல் தரையைத் தொடுகிற வண்டியைப் பட்டறை வரைக்கும் "மெதுவா ஓட்டிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பாதீர்கள், கட்டி இழுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், தூக்கி ஏற்றுகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் நின்ற இடத்திலேயே முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பெடல் சரி என்றால் ஆளில்லாத தெருவில் இருபது வேகத்தில் ஓட்டிப் பிடித்துப் பாருங்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதும் தெரியும். மறுநாள் காலையில் நாலு நிப்பிளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.