கைக்குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு கொடுப்பது எப்படி

தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் வைட்டமின் டி-க்கு அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட் (பாட்டிலில் IU என்று போட்டிருக்கும் அளவு) வேண்டும். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருப்பதோ சாதாரணமாக 80 யூனிட்டுக்குள்தான். இது எந்தத் தாயின் குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடும் ஆரோக்கியமான தாயின் பாலிலும் இப்படித்தான்.

தடுப்பூசி அறையில் செவிலியாக இருக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி, "குழந்தை நல்லாத்தானே இருக்கு சிஸ்டர், சொட்டு எதுக்கு?" என்பது. குறைபாடு பெரும்பாலும் வெளியே தெரியாது. எடை ஏறும், சிரிக்கும், நன்றாகத் தூங்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போது சேர்த்து வைத்த வைட்டமின் சில வாரங்களில் கரைந்துவிடும். அதன்பின் உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உடம்பு சரியாக இழுத்துக்கொள்ளாது, எலும்பு கெட்டிப்படாது. மணிக்கட்டு தடிப்பது, மண்டையோடு மெத்தென்று இருப்பது, நடக்கத் தொடங்கியதும் கால் வளைவது எல்லாம் வெகு நாள் கழித்துத் தெரிபவை. சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி, முதல் அறிகுறியே வலிப்பாக வரும். இவ்வளவையும் தடுக்க தினமும் கொடுக்கும் சொட்டு மருந்தே போதும் என்பதால்தான் இதை ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்கிறேன்.

வெயிலில் காட்டினால் போதாதா என்று பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தோலில் இந்த வைட்டமினை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் படுக்க வைத்துப் பயனில்லை. வெளியே கொண்டுபோனாலும் தோலின் நிறம், பொழுது, மேகம், உடை என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறுவதால் எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் போட முடியாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் மெல்லிய தோலை நேர் வெயிலில் காட்டவும் கூடாது. சொட்டு மருந்தில் அளவு நம் கையில் இருக்கிறது.

பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு? அதில் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள். நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்தால்தான் 400 யூனிட் நிறையும், சின்னக் குழந்தை அவ்வளவு குடிக்காது. தாய்ப்பாலும் பவுடர் பாலும் கலந்து கொடுப்பவர்களுக்கும் பொதுவாகச் சொட்டு தேவைப்படும். டப்பாவை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பாட்டில். தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சில மருந்துகளில் 1 மி.லி.யில் 400 யூனிட் இருக்கும். சிலவற்றில் அரை மி.லி.யிலேயே 400. இன்னும் சிலவற்றில் ஒரே ஒரு சொட்டில் 400. கடைசி வகையை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் 1 மி.லி. கொடுத்தால் ஒரே வேளையில் 10,000 யூனிட்டைத் தாண்டிவிடும். டிராப்பர் தவறுகளால் அளவு கூடுவதைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லேயே எச்சரித்தது. யூனிட்டுக்குப் பதில் மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால், 10 மைக்ரோகிராம்தான் 400 யூனிட். ஒவ்வொரு புதுப் பாட்டிலிலும் இதைத் திரும்பப் படியுங்கள். அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரையே பயன்படுத்துங்கள். கேட்பவர்களுக்கு நான் டிராப்பரில் அளவு வரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன், நீங்களும் அப்படிச் செய்துகொள்ளலாம். குழந்தைக்கு வேறு சத்து மருந்து கொடுக்கிறீர்கள் என்றால் அதிலும் வைட்டமின் டி இருக்கிறதா என்று பாருங்கள்.

கொடுக்கும்போது குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, டிராப்பர் நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து மெதுவாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். ஒரு சொட்டு வகை என்றால் பால் கொடுக்கும் முன் மார்புக் காம்பிலோ சுத்தமான விரலிலோ விட்டு, சப்ப வைத்தால் போதும். பால் பாட்டிலில் கலக்காதீர்கள், பாதியில் நிறுத்தினால் மருந்தும் பாதிதான் போயிருக்கும்.

நேரம் எதுவானாலும் சரி, தினமும் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது. ஒருவரே கொடுங்கள், அல்லது கொடுத்ததும் காலண்டரில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை என்று இரண்டு வேளை போய்விடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம், வழக்கமான அளவே போதும்.

ஆரோக்கியமான குழந்தைக்கு இதற்காக ரத்தப் பரிசோதனை தேவையில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஈரல், சிறுநீரகம், குடல் தொந்தரவு உள்ள குழந்தை, வலிப்பு மருந்து எடுக்கும் குழந்தை ஆகியோருக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான். குறைபாடு உறுதியான குழந்தைக்கு நாளுக்கு 2,000 யூனிட் வரை சில வாரங்கள் எழுதிக்கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார்களே என்று அதை உங்கள் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அளவு கூடிப்போனதாகச் சந்தேகம் இருந்தாலோ, சொட்டு கொடுத்துவரும் குழந்தை பால் குடிக்காமல், வாந்தி, மலச்சிக்கல், அதிகச் சிறுநீர் என்று சோர்ந்திருந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வலிப்பு வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே மருத்துவமனை.

ஒரு வயது முடிந்தபின் தேவை 600 யூனிட் ஆகிறது. அப்போது முட்டை மஞ்சள் கரு, மீன், வைட்டமின் சேர்த்த பால் என்று உணவிலிருந்தும் கொஞ்சம் வரும். சொட்டைத் தொடர்வதா என்று அந்த மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.